தோட்டப் பள்ளியும் பெற்றோரும்: மலேசியத் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளில் சமூகப் பங்கேற்பு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைப் பற்றிய அறிக்கைகளிலும் ஆசிரியர் கருத்தரங்குகளிலும் ஒரு கூற்று நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகின்றது. தமிழ்ப் பெற்றோர், குறிப்பாகத் தோட்டப்புறப் பெற்றோர், தம் பிள்ளைகளின் கல்வியில் அக்கறையற்றவர்கள் என்பதே அக்கூற்று. காலனித்துவ ஆட்சிக் காலத்து நிருவாகிகள் தோட்டப் பள்ளிகளில் மாணவர் வருகை குறைந்திருந்தமைக்கு இதனைக் காரணமாகக் காட்டினர். நாடு விடுதலை பெற்ற பின்னரும் தேர்வு அடைவுநிலை தாழ்ந்தபோதெல்லாம் இதே காரணம் முன்வைக்கப்பட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களுக்கு வருவோர் தொகை குறைவாக இருப்பதைச் சுட்டி இக்கூற்றை மெய்யென நம்புவோர் இன்றும் உளர்.

இக்கட்டுரை அக்கூற்றை வரலாற்றின் துணைகொண்டு மீளாய்வு செய்கின்றது. தமிழ்ப் பள்ளியோடு குடும்பமும் சமூகமும் கொண்டிருந்த உறவு எத்தகையது, அவ்வுறவு காலந்தோறும் எவ்வெவ் வடிவங்களைப் பெற்றது, அவ்வடிவங்களை மாற்றிய காரணிகள் யாவை என்னும் மூன்று வினாக்களுக்கு இங்கு விடை காண முற்படுகின்றோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அண்மைக் காலம் வரையிலான மலாயா, மலேசியத் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளே இவ்வாய்வின் களமாகும். ஒப்பீட்டிற்காகச் சிங்கப்பூர்த் தமிழ்ப் பள்ளி வரலாற்றின் ஒரு கூறும் எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

1. தோட்டப் பள்ளியின் தோற்றம்

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடைபெற்ற தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடுவது மரபு. அம்மரபின்படி 2016ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. எனினும் தமிழ்ப் பள்ளிகள் நூற்றுக்கணக்கில் பெருகியமைக்கு நகர்ப்புற முயற்சிகளைவிட இரப்பர்த் தோட்டங்களே பெருங்காரணமாயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பயிரிடுதல் விரிவடைந்தபோது கங்காணி முறையின் கீழ்த் தமிழகத்திலிருந்து தொழிலாளர் திரளாகக் கொண்டுவரப்பட்டனர். கங்காணி தம் ஊரையும் உறவையும் சார்ந்தவர்களையே பெரும்பாலும் அழைத்து வந்தமையால், ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த குடும்பங்கள் ஒரே லயத்தில் குடியமரும் நிலை தோன்றியது. தனியாட்களாக வந்தவர்களின் தோட்டம் சிறிது சிறிதாகக் குடும்பங்களின் தோட்டமாயிற்று. பிள்ளைகளும் பெருகினர்.

1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப் பள்ளிகளுக்கு வழிவகுத்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. 7 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி ஒன்றை அமைத்தல் வேண்டும் என்பது இச்சட்ட ஏற்பாடு. பள்ளி அமைப்பது தோட்ட முதலாளியின் கடமையாக்கப்பட்டமை பாராட்டத்தக்கதே. ஆயினும் இவ்வேற்பாட்டில் இன்னொரு கூறும் அடங்கியிருந்தது. பள்ளிக்கான இடத்தையும் ஆசிரியரையும் நேரத்தையும் முடிவு செய்தது நிருவாகம். அரசாங்கம் தன் பங்காக, பெரும்பாலும் சராசரி வருகையைக் கணக்கிட்டு மானியம் வழங்கியது. இவ்வமைப்பில் பெற்றோருக்கு எவ்வகை இடமும் தரப்படவில்லை. கல்விக் குழுவிலோ மேலாண்மையிலோ தாய் தந்தையரின் குரல் ஒலிப்பதற்கு வழியே இல்லாதிருந்தது.

தொடக்ககாலத் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியராகப் பணியாற்றினார். ஆயாக் கொட்டகையின் ஒரு பகுதியிலும், லயத்தின் ஓர் அறையிலும், கோயில் மண்டபத்திலும் வகுப்புகள் நடைபெற்றன. பல வகுப்புகளுக்கு ஒரே ஆசிரியர் கற்பிப்பது இயல்பான நிலையாக இருந்தது.

2. வருகைக் குறைவும் கூலிக் கணக்கும்

தோட்டப் பள்ளிகளில் வருகை ஒழுங்காக இல்லை என்பதும் தொடக்க வகுப்புகளைத் தாண்டியோர் மிகச் சிலரே என்பதும் மறுக்கவியலாதவை. ஆனால் இதற்குப் பெற்றோரின் மனநிலையே காரணம் என்று கூறுவதற்கு முன்னர், அக்குடும்பங்களின் பொருளியல் நிலையை நோக்குதல் வேண்டும்.

1920களின் இறுதியில் பேராக், சிலாங்கூர் முதலிய முதன்மைப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என நியமக் கூலி வரையறுக்கப்பட்டிருந்தது. 1930இல் தொடங்கிய பொருளியல் மந்தத்தின்போது இக்கூலியும் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தாயகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். இத்தகைய சூழலில் சிறுவன் ஒருவன் ஈட்டும் சில காசுகள்கூட அரிசிக்கும் பருப்புக்கும் உரிய தொகையாயின. இரப்பர்த் தொழிலின் இயல்பும் இதற்குத் துணை நின்றது. பால்மரம் சீவுதல் விடியற்காலையில் தொடங்கும். கணவனும் மனைவியும் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நிற்பர். அதன்பின் வீட்டில் எஞ்சுவது மூத்த பிள்ளையும் அதன் பொறுப்பில் விடப்படும் இளைய பிள்ளைகளுமே. கோப்பைகளைத் துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் பிள்ளைகள் பெற்றோருக்கு உதவினர். இவற்றுள் பெண் பிள்ளைகளின் சுமை மிகுதியாயிருந்தது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்காகவே பள்ளியை இழந்த சிறுமியர் எத்தனையோ பேர்.

இரண்டாவதாக நோக்கத்தக்கது, அக்கல்வி எங்கு இட்டுச்சென்றது என்பதாகும். தமிழ்ப் பள்ளிக் கல்வி தொடக்க வகுப்புகளோடு முடிவுற்றது. இடைநிலைக் கல்வி ஆங்கிலத்தில் நகரங்களில் மட்டுமே கிடைத்தது. அதற்குக் கட்டணமும் தேவை. தோட்டப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளைக்குப் பெரும்பாலும் மீண்டும் அதே பால்மரங்களே காத்திருந்தன. ஏணியின் முதற்படிக்கு மேல் படியே இல்லாதபோது, பெற்றோர் அதில் ஏற்றத் தயங்கியதை அக்கறையின்மை என்பதைவிட நடைமுறை அறிவு என்பதே பொருந்தும். வருகைக் குறைவைக் குடும்பத்தின் குணமாகக் காட்டிய நிருவாகிகள், அக்குறைவை விளைவித்த கூலி முறையைப் பெரும்பாலும் கணக்கில் கொள்ளவில்லை.

3. லயமும் கோயிலும்: பதிவேட்டில் இடம்பெறாத பங்கேற்பு

சட்டமும் நிருவாகமும் பெற்றோருக்கு இடந்தராத காலத்திலும் பள்ளியும் குடும்பமும் தொடர்பின்றி இருக்கவில்லை. தோட்டத்தில் வீடு, கோயில், பணியிடம், பள்ளி ஆகிய நான்கும் நடந்து செல்லும் தொலைவிற்குள் அமைந்திருந்தன. ஆசிரியரும் அதே தோட்டத்தில் குடியிருந்தார். காலையில் லயம் லயமாகச் சென்று பிள்ளைகளை அழைத்துவரும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. மானியத்திற்கு வருகை தேவைப்பட்டமை இதற்கு ஒரு காரணம். எனினும் இவ்வழக்கத்தினால் ஒவ்வொரு வீட்டின் நிலையையும் ஆசிரியர் நேரில் அறிந்தார். காய்ச்சலில் கிடக்கும் தாயையும், கள்ளுக்கடையிலிருந்து திரும்பாத தந்தையையும், அரிசி தீர்ந்த வீட்டையும் அவர் அறிந்திருந்தார்.

பெற்றோரும் ஆசிரியரைப் பல வகையில் நாடினர். ஊருக்குக் கடிதம் எழுதவும், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டவும், பணவிடைத் தாளை நிரப்பவும் அவரே துணை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனையும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசையும் தோட்டங்களில் ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்டனர். அவ்வாறு படித்தவர் பல இடங்களில் ஆசிரியராகவே இருந்தார். மாரியம்மன் கோயில் திருவிழாவின்போது நாடகம் பழக்குபவரும், பிள்ளைகளுக்குத் தேவாரம் பயிற்றுபவரும், மேடையில் பேசுபவரும் அவரே. பள்ளிக் கூரைக்குத் தேவையான அத்தாப்பு வேய்வதற்கும், திடலைச் செப்பனிடுவதற்கும், விழாவிற்குப் பொங்கல் வைப்பதற்கும் தொழிலாளர் குடும்பங்கள் தம் உடலுழைப்பை நல்கின. இவ்வுழைப்பு எக்கணக்கிலும் ஏறவில்லை. மானியக் கணக்கில் வருகை எண் மட்டுமே இடம்பெற்றது.

இந்நெருக்கத்தை மிகைப்படுத்தி உரைத்தலும் முறையன்று. தோட்டச் சமூகம் ஏற்றத்தாழ்வற்ற சமூகமன்று. துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்னும் படிநிலை பள்ளியிலும் எதிரொலித்தது. சாதி வேற்றுமை லயங்களின் அமைப்பிலும் கோயிலின் முதன்மையிலும் காணப்பட்டது. நிருவாகத்தின் ஊழியராகிய ஆசிரியர், பெற்றோரின் பக்கம் நின்று பேசினால் பணியை இழக்கும் நிலையும் இருந்தது. எனவே அன்றைய பங்கேற்பு உரிமையின் அடிப்படையில் அமைந்ததன்று. அண்மையின் அடிப்படையில் அமைந்தது. இவ்வேறுபாடு பின்வரும் காலத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

4. கல்வி கோரிக்கையான காலம்

அண்மையின் அடிப்படையிலான உறவு உரிமைக் கோரிக்கையாக மாறியதற்குத் தெளிவான சான்று 1941ஆம் ஆண்டு கிள்ளான் மாவட்டத் தோட்ட வேலைநிறுத்தங்களாகும். தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியே தொழிலாளர் தம் கோரிக்கைகளை முன்வைத்தனர். கூலி உயர்வு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளை நிறுத்துதல், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்கும் கட்டாயத்தை நீக்குதல் ஆகியவற்றோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. கல்வியில் அக்கறையற்றவர்கள் என்று கூறப்பட்ட அதே மக்கள், வேலையையும் இருப்பிடத்தையும் பணயம் வைத்து நடத்திய போராட்டத்தில் கல்வியைக் கூலியோடும் மானத்தோடும் ஒருங்கு வைத்துக் கேட்டனர். அரசு படைபலத்தால் அப்போராட்டத்தை அடக்கியது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இம்மாற்றத்திற்கு 1938ஆம் ஆண்டும் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டில் இந்திய அரசு மலாயாவிற்கு உதவிபெற்றுத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. புதியோர் வரவு நின்றதால், மலாயாவில் இருந்தோர் நிலைத்த குடிகளாயினர். ஊர் திரும்புவோம் என்னும் எண்ணம் தளர்ந்தபோது, பிள்ளைகளின் வாழ்வு இம்மண்ணிலேயே என்னும் உணர்வு வலுப்பெற்றது. 1942 முதல் 1945 வரையிலான சப்பானிய ஆட்சி இச்சமூகத்தைப் பெரிதும் சிதைத்தது. சயாம் பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளருள் பல்லாயிரவர் மாண்டனர். குடும்பத் தலைவரை இழந்த வீடுகளில் பிள்ளைகளே உழைப்பாளிகளாயினர்.

போருக்குப் பின்னர் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் ஹார்வார்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை இயக்கம் கள்ளுக்கடை மறியலை நடத்தியது. கள்ளில் கரையும் கூலியை வீட்டிற்குத் திருப்ப முற்பட்ட இவ்வியக்கத்தைக் குடும்ப வாழ்வின் மீட்சிக்கான முயற்சி எனக் கொள்வதில் தவறில்லை. அதே காலப்பகுதியில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வழியாகத் தமிழ்க் கல்விக்குப் பேராதரவு திரட்டினார். 1952இல் தொடங்கப்பெற்ற தமிழர் திருநாள் பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்த காலத்தில், அதன் தமிழ் நூலகத்திற்காகத் திரட்டப்பெற்ற ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட எளிய மக்கள் தம் சிறு தொகைகளை வழங்கினர். தாம் காலடி வைக்க வாய்ப்பில்லாத பல்கலைக்கழகத்திற்கு அவர்கள் அளித்த அக்கொடை, பெற்றோரின் அக்கறையை அளக்க வருகைப் பதிவேடு மட்டும் போதாது என்பதை உணர்த்துகின்றது.

5. சட்டமும் நிலமும்

1951ஆம் ஆண்டு பார்ன்ஸ் அறிக்கை மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் மட்டும் இயங்கும் தேசியப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தபோது தமிழ், சீனச் சமூகங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அதன்வழி அமைந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்பின் பகுதியாக ஏற்றன. விடுதலை பெற்ற ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகளும் அவற்றில் 50,766 மாணவர்களும் இருந்தனர். அதாவது ஒரு பள்ளிக்குச் சராசரியாக 57 மாணவர்கள். ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஒரு சிறு பள்ளி என்னும் நிலையை இவ்வெண்கள் காட்டுகின்றன. 1962இல் தொடக்கக் கல்விக்கான கட்டணம் நீக்கப்பட்டமை குடும்பங்களின் சுமையைக் குறைத்தது.

1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இரு கூறுகள் நம் ஆய்வுக்கு உரியன. தேசியப் பள்ளிகளில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் வேண்டினால் தாய்மொழி வகுப்பு நடத்தப்படும் என்பது ஒன்று. பெற்றோரின் விருப்பத்திற்கு இச்சட்டம் எண்ணளவில் ஓரிடம் வழங்கியது. தேசிய வகைத் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை 21ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கல்வி அமைச்சருக்கு அளித்தது என்பது மற்றொன்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் முன்னதைத் தக்கவைத்துப் பின்னதை விலக்கியது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளும் தமிழ்ப் பள்ளியின் எதிர்காலம் பற்றிய ஐயம் பெற்றோர் மனத்தில் நிலவியதற்கு இவ்வுட்பிரிவும் ஒரு காரணமாயிற்று.

இதனினும் நேரடியான பாதிப்பு நிலத்தினால் விளைந்தது. 1950களிலும் 1960களிலும் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். தோட்டம் துண்டானபோது குடும்பங்கள் வேலையை மட்டுமன்றி வீட்டையும் கோயிலையும் பள்ளியையும் ஒருங்கே இழந்தன. இதனைத் தடுக்கும் பொருட்டு 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் 10 வெள்ளி செலுத்திப் பங்காளராயினர். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நிலத்தைக் காத்தல் என்பதே இச்சங்கத்தின் நோக்கமாயினும், நிலம் காக்கப்பட்ட இடத்தில் குடியிருப்பும், குடியிருப்பைச் சார்ந்த பள்ளியும் நிலைபெற வாய்ப்புண்டாயிற்று. பள்ளியின் வாழ்வு குடும்பங்களின் வாழிடத்தைச் சார்ந்தது என்பதை அன்றைய தலைமுறை நன்கு உணர்ந்திருந்தது.

பெரும்பாலான தமிழ்ப் பள்ளிகள் தனியார் தோட்ட நிலத்தில் நின்றமையால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. கட்டடமும் அதன் பராமரிப்பும் நில உரிமையாளரின் பொறுப்பிலும், நடைமுறையில் பள்ளி மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றின் தோளிலும் தங்கின. கூரை ஒழுகினால் நன்கொடை, நாற்காலி உடைந்தால் நன்கொடை, கழிப்பறைக்கும் நன்கொடை என்பது வழக்கமாயிற்று. கலைநிகழ்ச்சியும் விருந்து நிகழ்ச்சியும் கோத்தோங் ரோயோங்கும் பெற்றோர் பங்கேற்பின் முதன்மை வடிவங்களாயின. கற்றல் கற்பித்தல் பற்றி ஆசிரியரோடு பெற்றோர் உரையாடுவதற்குரிய நேரத்தைச் சுவர்களுக்குப் பணம் திரட்டும் பணி எடுத்துக்கொண்டது. அக்காலப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் செயற்பாட்டை மதிப்பிடுவோர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

6. இடப்பெயர்வும் முறைசார்ந்த பங்கேற்பும்

1970களுக்குப் பின்னர் இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. 1980, 1990களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தொழிலாளர் குடும்பங்கள் நகரங்களின் ஓரங்களில் குடியேறின. 1957இல் 888ஆக இருந்த பள்ளிகளின் தொகை நூற்றாண்டின் முடிவில் ஏறத்தாழ 525ஆகக் குறைந்தது. சில பள்ளிகள் மூடப்பட்டன. சில இணைக்கப்பட்டன. வேறு சில தம் பெயரோடு நகர்ப்புறத்திற்கு இடம் மாறின அல்லது நகரமே அவற்றைச் சூழ்ந்தது. பண்டார் உத்தாமாவிலுள்ள எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி இன்றும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இம்மாற்றத்தினால் வீடு, கோயில், பணியிடம், பள்ளி ஆகியவற்றிடையே இருந்த அண்மை குலைந்தது. தொழிற்சாலையில் சுழல்முறை வேலை செய்யும் தாய்க்கும், பாரவுந்து ஓட்டும் தந்தைக்கும் பள்ளி பேருந்துப் பயணத் தொலைவில் அமைந்தது. ஆசிரியர் வேறோர் ஊரிலிருந்து மகிழுந்தில் வந்து செல்பவரானார். ஒருவர் வாழ்வை மற்றவர் நேரில் காணும் வாய்ப்பு அருகியது.

முறைசார்ந்த பங்கேற்பு அமைப்பு முழுமையான சட்ட வடிவம் பெற்றது இந்தக் காலத்திலேயே என்பது கருதத்தக்கது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் 1998இல் பெற்றோர் ஆசிரியர் சங்க விதிமுறைகள் இயற்றப்பட்டன. ஆண்டுப் பொதுக்கூட்டம், செயலவைத் தேர்வு, கணக்கறிக்கை என அனைத்தும் வரையறை பெற்றன. அண்மை இருந்த காலத்தில் உரிமை இல்லை. உரிமை எழுத்தில் வந்த காலத்தில் அண்மை இல்லை. தமிழ்ப் பள்ளியில் பெற்றோர் பங்கேற்பு இன்று எதிர்நோக்கும் இடர்ப்பாட்டின் வேர் இம்முரண்பாட்டில் உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவ்விடைவெளியை நிரப்பச் சமூகம் தானே சில முயற்சிகளை மேற்கொண்டது. 1979இல் கல்வி சமூகநல ஆய்வு அறவாரியமும், 1982இல் ஸ்ரீ முருகன் நிலையமும் தொடங்கப்பட்டன. இவை பள்ளி நேரத்திற்குப் பின்னர் வகுப்புகளை நடத்தியதோடு பெற்றோரையும் கல்விப் பணியில் இணைத்தன. ஸ்ரீ முருகன் நிலையம் பத்துமலையில் ஆண்டுதோறும் நடத்திவந்த கல்வி யாத்திரையில் பிள்ளைகளோடு பெற்றோரும் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர். கூட்டத்திற்கு வரத் தயங்கும் பெற்றோர் கோயிலுக்கு வரத் தயங்குவதில்லை. தோட்டத்தில் பள்ளியும் கோயிலும் கொண்டிருந்த பழைய உறவின் தொடர்ச்சியாகவே இதனைக் காணலாம்.

2007ஆம் ஆண்டு நவம்பரில் கோலாலம்பூரில் நடைபெற்ற இண்ட்ராப் பேரணியின் பின்னணியிலிருந்த 18 அம்சக் கோரிக்கைகளுள், எல்லாத் தமிழ்ப் பள்ளிகளையும் முழு உதவி பெறும் பள்ளிகளாக்குதல் என்பதும் இடம்பெற்றது. 1941இல் கிள்ளானில் கூலியோடு சேர்த்துக் கேட்கப்பட்ட பள்ளி, 66 ஆண்டுகளுக்குப் பின்னரும் கோரிக்கையாகவே இருந்தது. 2008ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பின்னர் தமிழ்ப் பள்ளிகளுக்கான சிறப்பு ஒதுக்கீடுகள் உயர்ந்தன. பல பள்ளிகள் புதிய கட்டடங்களைப் பெற்றன. எனினும் 2000களின் பிற்பகுதியில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை 2020களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 80,000 என்னும் அளவிற்கு இறங்கியது. 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகள் தமிழ்ப் பள்ளிகளுள் பெரும்பங்கினவாக உள்ளன. கட்டடம் எழுவதனால் மட்டும் பள்ளி வாழாது என்பதற்கு இது சான்று.

7. சிங்கப்பூர்: ஓர் ஒப்பீடு

சமூகத்தின் உழைப்பால் எழுந்த பள்ளிக்குச் சிங்கப்பூரில் சிறந்த எடுத்துக்காட்டு உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளியாகும். கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் மக்களின் அமைப்பு 1946இல் தொடங்கிய இப்பள்ளி, பின்னர் உயர்நிலை வகுப்புகளையும் நடத்தியது. சமயம் கடந்து பிற தமிழ்ப் பிள்ளைகளும் அங்குப் பயின்றனர். ஆங்கிலவழிக் கல்வியைப் பெற்றோர் பெரிதும் நாடிய சூழலில் மாணவர் தொகை குறைந்து, 1982இல் அது மூடப்பட்டது. அதனோடு சிங்கப்பூரில் தமிழ்வழிப் பள்ளிகளின் காலம் நிறைவுற்றது. இங்குப் பெற்றோர் அக்கறையின்மையால் பள்ளியைக் கைவிட்டனர் என்று கூற இயலாது. வேலைவாய்ப்பும் உயர்கல்வியும் எம்மொழியில் கிடைத்தனவோ அம்மொழியைத் தம் பிள்ளைகளுக்காக அவர்கள் தேர்ந்தனர். தோட்டப் பெற்றோரின் கூலிக் கணக்கிலும் இதே அறிவுதான் இயங்கியது.

பெற்றோர் ஆசிரியர் சங்க விதிமுறைகள் மலேசியாவில் இயற்றப்பட்ட அதே 1998இல், சிங்கப்பூரில் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் சமூக, பெற்றோர் ஆலோசனை மன்றம் அமைக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை பேச்சுத்தமிழுக்கு முதன்மை தந்தது. தமிழ்ப் பள்ளியே இல்லாத நாட்டில் தமிழ்க் கல்வியின் பெரும்பகுதி வீட்டைச் சார்ந்ததாயிற்று. பள்ளியை வைத்திருக்கும் மலேசியச் சமூகமும் வீட்டின் பங்கைப் புறக்கணிக்க இயலாது என்பதே இவ்வொப்பீடு தரும் பாடம்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழ்ப் பெற்றோரின் அக்கறையின்மை என்று பதிவு செய்யப்பட்டது பெரும்பாலும் கூலி, நேரம், வாய்ப்பு ஆகியவற்றின் குறைபாடே. வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அவர்கள் கல்விக்காகக் கேட்டனர், கொடுத்தனர், போராடினர். இரண்டாவது, பங்கேற்பின் வடிவம் வாழிடத்தைச் சார்ந்தது. தோட்டம் குலைந்தபோது தோட்டத்திற்குரிய பங்கேற்பும் குலைந்தது. மூன்றாவது, முறைசார்ந்த சங்க அமைப்பு அவ்விழப்பை ஓரளவிற்கே ஈடுசெய்துள்ளது. நிதி திரட்டும் சுமை அதன் கவனத்தைக் கற்றலிலிருந்து திருப்பியது.

2013 முதல் 2025 வரையிலான மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் பெற்றோர், சமூகப் பங்காளித்துவத்தைத் தன் பதினொரு மாற்றங்களுள் ஒன்றாக அறிவித்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு முடிவையே பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையிலான பேச்சுப்பொருளாகக் கொண்டிருந்த நிலை இதனால் மாறியுள்ளது. பிள்ளை என்ன படிக்கின்றது, வீட்டில் யாரோடு எம்மொழியில் பேசுகின்றது, மாலையில் யார் துணையோடு இருக்கின்றது என்னும் வினாக்களை எழுப்ப இது தக்க காலமாகும்.

தமிழாசிரியர்க்கு இவ்வரலாறு நடைமுறைப் பயனும் உடையது. கூட்டத்திற்கு வாராத பெற்றோரை அக்கறையற்றவர் எனக் குறித்துக்கொள்வதற்கு முன், அவருடைய வேலை நேரமும் பயணத் தொலைவும் அறியப்பட வேண்டும். அலுவலக நேரத்துக் கூட்டத்தைவிடக் கோயில் விழாவும் குடியிருப்பு மண்டபமும் வீட்டுச் சந்திப்பும் பயன்தரலாம். லயம் லயமாகச் சென்ற அக்கால ஆசிரியர் மானியத்திற்காகச் சென்றிருக்கலாம். ஆனால் திரும்பி வந்தபோது தம் மாணவரின் வீட்டை அறிந்தவராய் வந்தார். அவ்வறிவை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் காலத்தில் எவ்வழியில் பெறுவது என்பதே இன்றைய தமிழ்ப் பள்ளியின் முன்னுள்ள வினா. அதற்கு விடை காணும் பள்ளிகளே தம் மாணவர் தொகையையும் சமூகத்தின் நம்பிக்கையையும் தக்கவைத்துக்கொள்ளும்.